நெட்டையர் படி

கால் இன்னும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மச்சான் கட்டிலை மூன்றாவது முறையாகச் சுற்றி வந்து பார்த்தார். உடம்பை மேலே ஏற்றினால் தலை சட்டத்தில் இடித்தது. கீழே இறக்கினால் கணுக்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் அந்தரத்தில் தொங்கியது. மூலைக்கு மூலையாகக் கிடத்தலாமே என்று எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் யோசனை சொன்னார். பீரோவை மாடிக்கு ஏற்றுகிறவர்கள் பேசுகிற பேச்சு அது. மச்சான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போய், மேல்தட்டு டப்பாவை எடுக்க அக்கா ஏறி நிற்கும் ஸ்டூலைத் தூக்கிவந்து கால்மாட்டில் ஒட்டிப் போட்டார். அதன்மேல் ஒரு தலையணை. தலையணையின்மேல் செத்துப்போனவரின் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். காலை ஐந்தேமுக்காலுக்குப் போன உயிர். மணி ஏழுகூட ஆகவில்லை, அதற்குள் பாதம் மலைக்கல் மாதிரி சில்லிட்டிருந்தது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கட்டில் வாங்குறப்பவே சொன்னேன்," என்றாள். "மடக்கிப் படுத்துக்கறேன்னாரு."

அக்காவின் கணவர் ஆறடி நான்கு அங்குலம். தெருவில் கேட்டால் ஏழடி என்பார்கள். அந்த வீட்டு நிலைகளில் அவர் நெற்றி பட்டுப் பட்டு மரமே குழிந்துவிட்டது. ஹாலில் மின்விசிறி ஓடும்போது அவர் நிமிர்ந்து நடந்தால் வகிடு எடுத்துவிடும். மழை வந்தால் அரை நிமிஷம் முன்னாடியே அவருக்குத் தெரியும் என்று தெருவே சொல்லும். அலுவலகத்திலும் தெருவிலும் அவருக்கு நெட்டையர் என்றுதான் பேர். அக்காவின் தம்பியோ ஐந்தடி ஓரங்குலம். முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டர். கூட்ட நேரத்தில் பயணிகள் அவரைப் பார்த்ததே கிடையாது. விசில் சத்தம் மட்டும் பஸ்ஸுக்குள் நடந்துவரும், டிக்கெட் கையில் முளைக்கும். நெட்டையர் மாடி ஜன்னலிலிருந்து "மச்சான்" என்று ஒரு குரல் கொடுத்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். கேட்டுக் கேட்டு, பேப்பர்காரர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் மச்சானாகிப்போனார்.

மூன்று மாதமாக மச்சான் ஒழுங்காகப் படுக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்குவது, இறக்குவது, நீளமான ஒரு மனிதரைக் குளியலறைக்கும் நாற்காலிக்குமாகச் சாய்த்துச் சாய்த்து நடத்துவது. நெட்டையர் தோளில் கை போட்டால் மச்சான் ஊன்றுகோல் உயரம் சரியாக இருப்பார். "ஆண்டவன் அளந்துதான் செஞ்சிருக்கான் மச்சான்," என்று நெட்டையர் மூச்சிரைக்கச் சிரிப்பார். இப்போது அந்தத் தோள் காலியாக இருந்தும் வலித்தது. நின்றால் தூக்கம் வந்தது, உட்கார்ந்தால் போய்விட்டது.

வேலைகள் வரிசை கட்டின. சாவுச் சான்றிதழ், நாற்காலி, டீ, தகன மையத்தில் நேரம். நாலு மணிக்குத்தான் கிடைத்தது. தொலைபேசியில் பேசியவர் உயரம் என்ன என்று கேட்டார். மச்சான் சொன்னதும் எதிர்முனையில் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். "பாத்துக்கலாம் சார்," என்றார் அப்புறம்.

நெட்டையர் சர்வேயர். கடைசி ஒன்பது வருஷம் அவர் அளந்தது ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு மலையை. வீடு கட்டவோ ரோடு போடவோ அல்ல. இரும்பு என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், மனிதர்கள் அந்த மலையைத் தோண்டிக் கல் எடுத்து, அங்கேயே உட்கார்ந்து உடைத்துக் கோடரியும் கத்தியும் செய்திருக்கிறார்கள். தோண்டிய குழிகள், உடைத்துத் தள்ளிய சில்லுகள், சரியாக வராமல் வீசியெறிந்த அரைகுறை ஆயுதங்கள் என்று மலை முழுக்க அவர்கள் குப்பை. அந்தக் குப்பையில் ஒவ்வொன்றும் எங்கே கிடக்கிறது என்று கம்பத்தின் உச்சியில் கருவியை மாட்டி, செயற்கைக்கோள்களைக் கேட்டு, ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் கொட்டினால் திரையில் மலை எழும்பி நிற்கும். சிவப்புப் புள்ளி தோண்டிய இடம், மஞ்சள் உடைத்த இடம், நீலம் கோபத்தில் வீசிய இடம். ஒன்பது வருஷத்தில் அறுபத்திரண்டாயிரம் புள்ளி. தெருவில் மச்சான் சொல்லும்போது ஆறு லட்சம்.

மச்சான் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாளே அவரைப் பேட்டரி தூக்க இழுத்துக்கொண்டு போனார் நெட்டையர். முதல் நாள் மச்சான் பளபளப்பான சில்லு ஒன்றைப் பார்த்து ஆசையாகக் குனிந்து எடுத்துவிட்டார். அன்றைக்கு மலையில் கேட்ட வசவுக்கு அந்தக் கற்கால மனிதர்களே எழுந்து ஓடியிருப்பார்கள். எடுக்கறதுக்கு முன்னாடி புள்ளி வை. இதுதான் அந்த வேலையில் ஒரே சட்டம். புள்ளி வைத்தால்தான் அது ஆதாரம், வைக்காமல் எடுத்தால் வெறும் கல். டிக்கெட் கிழிக்காமல் ஒருத்தரை இறக்கிவிட்ட மாதிரி என்று மச்சான் தன் பாஷையில் புரிந்துகொண்டார்.

இன்னொன்றும் நெட்டையர் காட்டினார். திரையில் ஓரிடத்தில் மஞ்சள் புள்ளிகள் விசிறி மாதிரி அப்பிக் கிடந்தன. நடுவில் இரண்டு நீளப் பட்டைகள் மட்டும் வெறுமையாக இருந்தன.

"சில்லு விழுந்த இடத்தப் பாக்காத மச்சான். விழாத இடத்தப் பாரு. காலை நீட்டி உக்காந்து உடைச்சிருக்கான். சுத்தி எல்லாம் விழுந்துருக்கு, காலு இருந்த எடத்துல மட்டும் விழல. அதான் ஆளு."

"ஆளு என்னைய மாதிரியா, உங்கள மாதிரியா மாமா?"

நெட்டையர் அம்புக்குறியை நகர்த்தி அந்த வெற்றுப் பட்டையை அளந்தார். "உன்ன மாதிரிதான்," என்றார். "பாவம்."

பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். மலை வேலைக்கெல்லாம் தலைவர். கல்லைப் பற்றி ஆராய்ந்து வாங்கிய டாக்டர் பட்டம் என்று மச்சான் தெருவில் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது, ஆனாலும் அவர் கார் வந்து நின்றால் நாலு பேர் முழங்காலைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். அன்றைக்குத் துக்க வீடு என்பதால் இரண்டு பேர்தான். இருவருக்கும் பொறுமையாக, எலும்பு டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். நெட்டையரின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். ஸ்டூலைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே அவருக்கும் கருவளையம். அறிக்கை மறுநாள் காலை பத்து மணிக்குப் போயாக வேண்டும். மலையைக் கேட்டுக் கல் உடைக்கும் கம்பெனி ஒன்று விண்ணப்பம் போட்டிருந்தது. மலை மலையாக இருக்குமா, ஜல்லியாக லாரியில் போகுமா என்பது அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகும்.

வந்த இடத்தில் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்று டாக்டரம்மா வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவே கேட்டாள்.

"படம் முடிஞ்சிருச்சாம்மா? கடைசி வாரம் பூரா அதையே கேட்டுட்டிருந்தாரு."

டாக்டரம்மா தயங்கித் தயங்கிப் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அக்காவின் மடியருகே வைத்துத் திறந்தார். மலை எழுந்தது. விரலை நகர்த்த நகர்த்த அது சுற்றிச் சுற்றிக் காட்டியது. ஒன்பது வருஷம் தன் புருஷனைத் தின்ற மலையை அக்கா முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள்.

டாக்டரம்மா சரிவின் பாதியில் விரலை வைத்தார். அங்கே மலையின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி ஒரு கோடு ஓடியது.

"இது ஒரு வெட்டும்மா. சரிவை வெட்டிப் படி மாதிரி செஞ்சிருக்காங்க. உக்காந்து கல் உடைக்கறதுக்கா இருக்கும். நானும் போய்ப் பாத்தேன், கண்ணுக்குத் தெரியல. மண்ணும் புதரும் மூடியிருக்கு. சாரோட அளவுலதான் தெரியுது. இந்த மாதிரி ஒண்ண நான் இதுவரைக்கும் பாத்ததில்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அறிக்கைல அவர் பேரையே வெச்சிருக்கேன். நெட்டையர் படி."

அக்கா அதுவரை அழவே இல்லை. காலையிலிருந்து அவள் முகம் மூடிய கடை மாதிரி இருந்தது. இப்போது ஷட்டர் ஒரு சாண் ஏறியது. ஆள்காட்டி விரலால் அந்தக் கோட்டைத் தொட்டாள்.

"பேரு நிக்குமாம்மா?"

"மலை நிக்கிற வரைக்கும் நிக்கும்."

பின்னால் மச்சான் நின்றிருந்தார். கையிலிருந்த டீத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஏதாவது கேட்க வேண்டுமே என்று, எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.

"இருபது சென்டிமீட்டர் மச்சான் சார்." டாக்டரம்மாவும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார். "எங்க அளந்தாலும் இருபது. இந்தக் கோடியிலயும் இருபது, அந்தக் கோடியிலயும் இருபது. ஒரு மில்லிகூடப் பிசகல. அந்தக் காலத்து ஆளுங்களுக்கு என்ன துல்லியம் பாருங்க."

மச்சானின் கண் கதவோரம் சாய்த்திருந்த கம்பத்துக்குப் போனது.

துல்லியம் அந்தக் காலத்து ஆளுங்களுடையது அல்ல. கம்பத்தினுடையது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெட்டையருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பெருத்துவிட்டது என்றார் மருத்துவர். அடிவாரத்திலிருந்து அளந்துகொண்டே ஏழு வருஷமாக மேலே மேலே போனவர், சரிவின் பாதியில் ஒரு தட்டைப் பாறையோடு நின்றுபோனார். அதற்குமேல் ஓரடி வைத்தாலும் உதடு நீலமாகிவிடும். ஒவ்வொரு வருஷமும், நானே நேரில் நின்று அளந்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஏற முடியவில்லை என்று சொன்னால் வேறு சர்வேயர் வருவார். வேறு ஆள் வருவதை நெட்டையரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் அக்காவுக்கும் சொல்லவில்லை, அலுவலகத்துக்கும் சொல்லவில்லை. பதினாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பாறை வரை வருவார். குடையை விரித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார். மேலே மச்சான் கம்பத்தோடு ஏறுவார். கடைசி மூன்று மாதம் அந்தப் பாறைக்கும் வர முடியாமல் வீட்டு நாற்காலி. ஆனால் அதற்குள் மேல்பாதி ஏறக்குறைய முடிந்திருந்தது. போனில் நெட்டையர் கேட்பார், மச்சான் பார்த்துச் சொல்வார். கல்லின் உடைந்த முகத்தில் சின்னதாய் ஒரு வீக்கம் இருந்தால் அது மனிதன் அடித்த சில்லு, இல்லாவிட்டால் வெயிலில் தானாக வெடித்த கல். முதல் மாதம் மச்சான் ஆட்டுப்புழுக்கைக்குக்கூடப் புள்ளி வைத்தார். ஆறு மாதத்தில் கண் பழகிவிட்டது. மனிதன் அடித்த எல்லாக் கல்லுக்கும் டிக்கெட் கிழித்தார்.

கம்பம்தான் பழகவில்லை. அது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய். முழுசாக இழுத்தால் இரண்டு மீட்டர், குழாயைப் பூட்டும் பள்ளங்களில் ஒன்று இறக்கினால் ஒன்று எண்பது. கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் குமிழியை நெட்டையர் தன் கண்ணுக்கு வசதியாக மேல்குழாயில் மாட்டி முடுக்கியிருந்தார். அது மச்சானின் தலைக்கு மேலே எங்கோ ஆகாயத்தில் இருந்தது. எம்பிப் பார்த்தார், கல்லின் மேல் ஏறிப் பார்த்தார், கால் பிசகியது. முதல் நாளே கம்பத்தை ஒரு பள்ளம் இறக்கினார். கிளிக் என்று ஒரு சத்தம், குமிழி முகத்துக்கு நேரே வந்து நின்றது. இரண்டு வருஷமும் அப்படியே அளந்தார். கருவிக்கு யாரும் சொல்லவில்லை. அது கம்பம் இரண்டு மீட்டர் என்றே நம்பி, மச்சான் தொட்ட நிலத்தையெல்லாம் இருபது சென்டிமீட்டர் அமுக்கிவைத்தது.

நெட்டையர் ஒரே ஒரு தடவை கேட்டார். முதல் நாள் மத்தியானம், பாறையிலிருந்து, போனில்.

"கம்பத்த முழுசா இழுத்தியா மச்சான்?"

மச்சான் முட்புதரில் மாட்டிய சட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. இழுக்காவிட்டால் என்ன, ஒரு சாண்தானே என்று நினைத்தார்.

"இழுத்துட்டேன் மாமா."

அவ்வளவுதான். மச்சான் சொன்ன வார்த்தையை அதற்குப் பிறகு நெட்டையர் கிளறவே இல்லை.

ஆக, மலையின் இடுப்பில் ஓடும் அந்தக் கோட்டை யாரும் வெட்டவில்லை. நெட்டையரின் மூச்சு நின்ற இடத்தில் மச்சானின் கம்பம் ஆரம்பித்திருக்கிறது. அவ்வளவுதான் படி.

டாக்டரம்மா போகவில்லை, எல்லாம் முடியும்வரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் படியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவள் சொன்னது என்னவோ ஒரு வரிதான். தெரு அதைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு அது பத்துப் படியாக இருந்தது. ஒரு மணிக்கு இரண்டு பக்கமும் தூண் முளைத்தது. இரண்டு மணிக்கு லிஃப்ட் மெக்கானிக், அந்தப் படிகளில் இறங்கினால் மலைக்குள்ளே ஒரு மண்டபம் இருக்கிறதாமே என்று மச்சானிடமே விசாரித்தார். இருக்கலாம் என்றார் மச்சான். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

கதவுக்குப் பின்னால் கம்பம் சாய்ந்து நின்றது. மச்சான் அந்தப் பக்கம் பார்க்காமலே நாலைந்து தரம் குறுக்கே போனார். சும்மா இருந்துவிட்டால் என்ன? படி மண்ணுக்குள் இருக்கிறதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அக்காவுக்கு இன்றைக்கு இருக்கிற ஒரே பிடி அது. சொன்னால் படியும் போகும், பேரும் போகும், இரண்டு வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்டவர் என்றும் ஆகும். அதுவும் ஆள் கட்டிலில் கிடக்கும்போது.

தகன மையத்துக்குப் போகும் வண்டியில் டாக்டரம்மா தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். கம்பெனிக்காரர்களும் படியைப் பற்றிக் கேள்விப்பட்டுவிட்டார்களாம். அடுத்த வாரம் அவர்களுடைய இன்ஜினியர்கள் கருவியோடு வந்து அந்த இடத்தைத் தோண்டிப் பார்க்கப் போகிறார்களாம். "பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்," என்றார்.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். தோண்டுவார்கள். ஒன்றும் இருக்காது. ஒரு புள்ளி பொய் என்றால் அத்தனை புள்ளியும் பொய் என்று சொல்வதற்குத்தானே காத்திருக்கிறார்கள். ஏழு வருஷம் நெட்டையர் தானே ஏறி, தன் உயரத்துக்கு நிமிர்ந்து நின்று வைத்த புள்ளிகளும் சேர்ந்து லாரியில் போகும்.

தகன மையத்துக் காத்திருப்புக் கூடம் மருத்துவமனை மாதிரி இருந்தது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சிவப்பு எழுத்தில் டோக்கன் எண். முன்னால் இருந்தவர்களுக்கு இன்னும் முடியவில்லை. அக்கா நடுவில், ஒரு பக்கம் மச்சான், மறுபக்கம் டாக்டரம்மா. மூவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சானுக்குக் கால் தரையில் முழுசாகப் படவில்லை.

"அந்தப் பெட்டியத் திறங்க டாக்டரம்மா," என்றார்.

டாக்டரம்மா திறந்தார். மலை எழுந்தது.

"அது படி இல்ல டாக்டரம்மா," என்றார் மச்சான். "அது நான்."

பிறகு சொன்னார். பாறை, குடை, போன், கிளிக் சத்தம், இழுத்துட்டேன் மாமா. ஸ்டேஜ் ஸ்டேஜாக, நிறுத்தம் நிறுத்தமாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். சொல்லி முடித்தபோது சுவரில் ஒரு எண் மாறியிருந்தது. அவர்களுடையது அல்ல.

டாக்டரம்மா திரையில் அந்தக் கோட்டைப் பெரிதாக்கினார். திட்டுவார் என்று மச்சான் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்திருக்கும்.

"எந்த எடத்துல உக்காருவாரு?"

மச்சான் எழுந்து, அக்காவைத் தாண்டிக் குனிந்து, கோட்டில் ஓரிடத்தில் விரலை வைத்தார். டாக்டரம்மா அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள புள்ளிகளையெல்லாம் வளைத்துத் தேர்ந்தெடுத்தார். இருபத்தோராயிரத்துச் சொச்சம். ஒரு சின்னக் கட்டத்தில் இருபது என்று தட்டினார். மலையின் மேல்பாதி லேசாக மூச்சு இழுத்த மாதிரி எழும்பியது. ஒட்டியாணம் மறைந்தது. கால் நிமிஷம்கூட ஆகவில்லை.

"இந்தப் புள்ளிக்கெல்லாம் அளந்தவர்னு யார் பேரப் போடறது?"

"அவரே இருக்கட்டுமே."

"பொய் எழுத முடியாதே, மச்சான் சார்." சலிப்பாகத்தான் சொன்னார், கோபமாக அல்ல. "சர்வே அவரு. கம்பம் பிடிச்சவர்னு தனியா ஒரு பத்தி இருக்கு. உங்க பேரு என்ன?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. மச்சான் முப்பத்தொரு வருஷம் சட்டைப்பைமேல் குத்தியிருந்த பேரைச் சொன்னார். அவருக்கே அது வேறு யாரோ மாதிரி கேட்டது. டாக்டரம்மா எழுத்துக் கூட்டித் தட்டினார்.

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள். படி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இப்போது வழவழவென்று சரிவு மட்டும்தான் இருந்தது.

"அந்தப் பாறைல உக்காந்து என்னதான்டா பண்ணுவாரு?"

"என்னத் திட்டுவாரு."

"போன்லயா?"

"போன் எதுக்குக்கா? சும்மாவே கேக்கும்."

அக்காவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பா, மற்றதா என்று தெரிவதற்குள் சுவரில் எண் மாறியது. மூவரும் எழுந்தார்கள். உள்ளே இருந்த ஊழியர் உடலை உள்ளே தள்ளும் தட்டை நீளவாக்கில் இரண்டு தடவை அளந்து பார்த்தார். போதும், தாராளமாகப் போகும் என்றார். மச்சான் அவருக்கு நன்றி சொன்னார்.

திரும்பி வந்தபோது வெயில் இன்னும் மேற்கு ஜன்னலில் இருந்தது. வாடகை நாற்காலிகள் போய்விட்டன. லிஃப்ட் மெக்கானிக் வீட்டிலிருந்து ரொட்டியும் பிளாஸ்கில் டீயும் வந்து மேஜைமேல் இருந்தன. யாரும் தொடவில்லை. கம்பத்தை எடுத்துப்போகத் திங்கட்கிழமை ஆள் வரும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார். அறிக்கையில் இரவு முழுக்கப் பன்னிரண்டு பக்கம் அடித்துத் திரும்ப எழுத வேண்டும் அவருக்கு. வாசலில் நின்று, மேல்பாதியில் உள்ள சில்லுகளை மச்சான் சார் ஒன்றுகூடத் தப்பாகப் பிரிக்கவில்லை என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அக்கா கேட்டுக்கொண்டாள்.

வந்தவர்கள் கொண்டுவந்த மண்ணெல்லாம் ஹாலில் கிடந்தது. அக்கா துடைப்பத்தை எடுத்தாள். மச்சான் வாங்கப் போனார், கொடுக்கவில்லை. ஹாலைக் கூட்டினாள், சமையலறையைக் கூட்டினாள். பிறகு ஜன்னலோர அறைக்குள் போனாள். போனவளின் துடைப்பச் சத்தம் கேட்கவில்லை.

மச்சான் எட்டிப் பார்த்தார்.

ஜன்னலடியில் நெட்டையரின் நாற்காலி. கடைசி மூன்று மாதம் அவர் இருந்தது அதில்தான். படத்தைக் காகிதத்தில் அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலை பிளேடால் சீவிச் சீவித் திருத்திக்கொண்டே இருப்பார். கூட்ட வந்தால் விடமாட்டார், முடித்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்பார். நாற்காலியைச் சுற்றிப் பென்சில் சீவல்கள் விசிறி மாதிரி அப்பிக் கிடந்தன. நடுநடுவே மாத்திரை உறையின் வெள்ளிக் காகிதங்கள். நாற்காலிக்கு முன்னால் மட்டும், கிட்டத்தட்ட எதிர்ச்சுவர் வரைக்கும், இரண்டு நீளமான பட்டைகளாகத் தரை சுத்தமாக இருந்தது.

அக்கா துடைப்பத்தை ஓங்கினாற்போல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள்.

"கொஞ்சம் இரு, அக்கா," என்றார் மச்சான்.

கதவுக்குப் பின்னாலிருந்து கம்பத்தை எடுத்துவந்தார். மேல்குழாயைப் பிடித்து இழுத்தார். கிளிக் என்றது, அது ஒன்று எண்பது, இன்னும் இழுத்தார், இரண்டாவது கிளிக். முழு இரண்டு மீட்டர். சீவல்களை மிதிக்காமல் சுவரோரமாகவே நடந்துபோய், கம்பத்தின் முனையை விசிறியின் ஓரத்தில் ஒரு சீவலின் பக்கத்தில் ஊன்றினார். கருவியை முடுக்கினார். கூரைக்கு அடியில் அதற்கு வானம் தெரியாது. செயற்கைக்கோளைத் தேடுகிறேன், தேடுகிறேன் என்று அதன் திரை சுழன்றுகொண்டிருந்தது. குமிழி அவர் தலைக்கு மேலே எங்கோ இருந்தது.

"என்னடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா. அந்த ஸ்டூலக் கொஞ்சம் எடு."

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஹாலுக்குப் போனாள். கட்டிலின் கால்மாட்டில் இன்னும் தலையணையோடு கிடந்த ஸ்டூலைத் தூக்கிவந்து, தலையணையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் போட்டாள். மச்சான் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்தபடி ஏறினார். முழங்கால் சொடுக்கியது. அக்கா மறு கையால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

குமிழி வட்டத்துக்குள் வந்தது, போனது, வந்தது. மச்சான் கம்பத்தை மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துக்கொண்டிருந்தார்.